தண்ணீரில் சொல்லாத பெயர்

எனக்கு வாய் பொல்லாதது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். வலை சிக்கினால் வலையைத் திட்டுவேன். இயந்திரம் முரண்டு பிடித்தால் அதைச் செய்தவனின் பரம்பரையையே இழுப்பேன். மீன் ஏலத்தில் என் குரல் எழும்பினால் சுருண்டு கிடக்கிற நாயும் எழும்பித் தள்ளிப் போய்ப் படுக்கும். இப்படிப்பட்ட வாய் தண்ணீரில் இறங்கியவுடன் ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் பயந்து மூடிக்கொள்ளும். அந்தப் பயம்தான் என் தங்கச்சியின் புருசனைக் கொன்றது. வேறு எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணீரில் நிற்கும்போது பெரிய உயிர்களின் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் கூப்பிட்டது மாதிரி. கூப்பிட்டால் வந்துவிடும். ஆகவே கடலில் திமிங்கிலத்துக்குப் 'பெரியவர்' என்று பெயர். கடலோடு சேர்கிற வாவியில் முதலைக்கும் அதே பெயர்தான். கடலில் அந்தச் சொல் காதில் விழுந்தால் கையிலிருக்கிற வேலையை விட்டு எழும்பி நின்று பார்ப்போம். வாவியில் விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டோம், கரைக்குப் பாய்வோம். எது எங்கே என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகியதுபோல அதுவும் பழகிவிட்டது. அதனாலோ என்னவோ, அதை ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் மலைநாட்டுக்காரர், மேசன் வேலை. கல்லடியில் ஒரு மாடி வீட்டு வேலைக்கு வந்தவர், என் தங்கச்சியைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டார். அந்தக் கலியாணத்துக்கு நான் ஒரு மாதம் நின்ற நிலையில் கத்தினேன். "கடல் தெரியாதவனுக்கு என்ர தங்கச்சியக் குடுக்கிறதா?" என்று அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கக் கத்தினேன். அவரோ ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. சும்மா வந்தார், எங்கள் கிணற்றுக்கட்டு உடைந்து கிடந்ததைப் பார்த்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து பூசிவிட்டுப் போனார். அந்தக் கட்டு இன்றைக்கும் வெடிக்கவில்லை. பிறகு நான் எதைச் சொல்லிக் கத்துவது?

சீமெந்து விலை ஏறி ஊரெல்லாம் வீடுகள் அரைச்சுவரில் நின்ற காலம் வந்தது. மச்சானுக்கு வேலை இல்லை. சும்மா இருந்து பழகாத மனுசன், கோழிக்கூட்டை இரண்டு தரம் பிரித்துக் கட்டினார். ஒரு விடியற்காலையில் முகத்துவாரத்தில் நான் போட்டைத் தள்ளும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் வரட்டுங்களா மச்சான்?"

"கடல் எண்டா என்னெண்டு தெரியுமா உங்களுக்கு? உங்கட ஊர் மலையில வழியிற பீலித் தண்ணியெண்டு நினைச்சீங்களா?"

"தெரியாதுங்க. அதான் வாறேன்."

முதல் மூன்று நாளும் வாந்தி எடுத்தார். மீனுக்கு இரை போட வந்த ஆள் என்று நானும் போட்டில் என்னோடு தொழில் செய்கிற கூட்டாளியும் சிரித்தோம். நாலாம் நாள் எடுக்கவில்லை. பிறகு கடல் அமைதியாய்க் கிடந்த அந்தப் பருவம் முழுக்க என்னோடுதான் வந்தார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் கடலைப் பார்ப்பதே இல்லை. மீன் எங்கே கிடக்கும் என்று பார்ப்போம், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஓங்கில், அதுதான் டொல்பின், கூட்டமாய்ப் பாய்ந்தால் அதன் கீழே சூரை மீன் நிற்கும் என்று தூண்டிலை விடுவோம், அவ்வளவுதான். மச்சான் அந்த ஓங்கில்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். ஒன்று சுழன்று சுழன்று மேலே பாயும்போது, "அய்யய்யோ, இதுக்கு என்னா குசிங்க!" என்பார். ஒருநாள் வலையில் ஓர் ஆமை சிக்கியிருந்தது. நான் கத்தியைக் கொண்டு வலையை அறுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டு, சீமெந்து தின்ற விரல்களால் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றினார். வலையும் கிழியவில்லை, ஆமையும் போனது. கூட்டாளி பொறுமையில்லாமல் பல்லைக் கடித்தான். எனக்கு அன்றைக்குத்தான் இந்த மனுசனில் ஒரு பாசம் வந்தது.

திமிங்கிலத்தைக் கண்டது அதற்குப் பிறகு. கரை தெரியாத தூரம், காலைவெயில். லொறி ரயரில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்து, "பெரியவர்! பெரியவர்!" என்று கத்தினேன். மச்சான் எழும்பி நின்றார். சுவரின் நேர் பார்க்கிறபோது மேசன்மார் ஒரு கண்ணைச் சுருக்குவார்களே, அப்படிச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். முதுகு மெல்ல உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போனது, பிறகு வால் எழும்பி நின்று சத்தமில்லாமல் இறங்கியது. மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெரியவருன்னா சும்மாவாங்க மச்சான்," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் இதே கதைதான். தங்கச்சி சோறு போட்டால் பெரியவர், பாய் விரித்தால் பெரியவர். "இஞ்ச பாருங்க அண்ணன், இந்த மனுசனுக்கு விசர் பிடிச்சிற்று," என்று அவள் என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு விடியலிலும் போட்டில் ஏறும்போது, "இன்னைக்குப் பெரியவர் வருவாருங்களா மச்சான்?" என்று கேட்பார். நானும், "உங்களப் பாக்கத்தானே வாறார்," என்று பகிடி பண்ணுவேன். நான் 'பெரியவர்' என்று கூப்பாடு போட்டால் எங்கே இருந்தாலும் எழும்பி நிற்பார், நெற்றியில் கை போகும். அந்தப் பருவத்தில் நாலு தரமோ ஐந்து தரமோ அப்படி நின்றிருப்பார். அவ்வளவு சந்தோசமான மனுசனை நான் தண்ணீரில் கண்டதில்லை.

மாரி வந்து கடல் மூர்க்கம் பிடித்தது. போட்டைக் கரையேற்றினோம். மாரியில் எங்களுக்கு வாவிதான் கதி. நாங்கள் அதை ஆறு என்போம். மற்ற வருசங்களில் மச்சான் மாரிக்கு வீட்டுக்குள் பூச்சு வேலை தேடிப் போய்விடுவார். அந்த வருசம் அதுவும் இல்லை. ஆள் கொஞ்சம் ஒடுங்கிப் போனார். பேச்சுக் குறைந்தது. தங்கச்சி அதைக் கவனித்துக் கவலைப்பட்டாள். "ஆத்துக்கெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்க அண்ணன், வீட்டுக்குள்ள கிடந்து யோசிச்சு யோசிச்சுச் சாகப்போறார்," என்றாள். அப்படித்தான் அவர் என் தோணிக்கு வந்தார்.

முதல்நாள் தோணியில் போகும்போது கரைச் சேற்றில் வேரூன்றி நிற்கிற கண்டல் மரங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த ஆத்துல முதலை கெடக்காமே மச்சான், நெசமா?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "வாயக் கழுவுங்க மச்சான்! தண்ணிக்கு மேல இருந்துகொண்டு அந்தப் பேரச் சொல்றதா? துப்புங்க! மூணு தரம் துப்புங்க!"

அவர் சிரித்துக்கொண்டே துப்பினார். பிறகு கேட்டார், "அப்ப என்னான்னுதாங்க சொல்றது?"

"ஒண்டும் சொல்லாதீங்க. பேசாம வலைய எடுங்க."

இவ்வளவுதான் நடந்தது. அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு தரம் துடுப்புப் போடுகிற நேரம்கூட இல்லை. கோபம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, இது என் பிறவிக் கோளாறு. அன்றைக்கு அந்தக் கோபத்தோடு துடுப்பை இழுத்து இழுத்துப் போட்டேன். அவர் முன்னால் இருந்து விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

வீச்சுவலை எறிய அவர் கெதியாகப் பழகிவிட்டார். மேசன் கைக்கு வீச்சு நன்றாக வரும் போலிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிவார், நான் கொஞ்சம் தள்ளித் தோணியில் இருந்து விரித்துப் போட்டிருந்த வலையை இழுப்பேன். வெள்ளம் வடிய முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளம் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெட்டுக்குள்ளால் கடல் வெள்ளையாகத் தெரியும். இறால் நல்லாகப் பட்டது. மச்சானின் முகமும் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஒருநாள் இரவு முழுக்க மழை பெய்து விடிய விட்டிருந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். அவருக்குப் பின்னால் கண்டல் பக்கத்தில் தண்ணீர் ஒரு கோடாகப் பிரிந்ததைக் கண்டேன். கோட்டின் நுனியில் இரண்டு புடைப்பு. தோணியில் எழும்பி நின்று என் பொல்லாத குரலெடுத்துக் கத்தினேன்.

"பெரியவர்! மச்சான், பெரியவர் வாறார்!"

மச்சான் திரும்பினார். என் பக்கம் இல்லை, கண்டல் பக்கமும் இல்லை. முகத்துவாரப் பக்கம் திரும்பினார். வலையை இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை நெற்றியில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்கங்க மச்சான்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மற்றச் சொல், அவருக்கு விளங்கக்கூடிய சொல், தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. வெளியே வரவில்லை. "பின்னால! பின்னால!" என்று கத்தினேன். அதற்குள் அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. வலை மட்டும் மெல்ல விரிந்து மிதந்தது. நான் துடுப்பால் தண்ணீரை அடித்து அடித்துக் கத்தினேன். அக்கரையில் தோணியில் நின்ற காத்தான்குடி முஸ்லிம் நானா ஒருவர் தோணியை வலித்துக்கொண்டு வந்தார், ஆட்கள் கூடினார்கள். பொழுதுபடத்தான் கிடைத்தார். எந்தக் கோலத்தில் என்று நான் எழுதமாட்டேன்.

மறுநாள் விசாரணை. அதிகாரி நல்ல மனுசன், தன்மையாகத்தான் கேட்டார். நீங்கள் கண்டவுடன் என்ன செய்தீர்கள் என்றார். சுற்றிவரச் சனம். பக்கத்தில் தங்கச்சி, அவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் என் வாழ்நாளில் முதல்தரம் அந்தப் பெயரை யோசிக்காமல் உச்சரித்தேன்.

"முதலை, முதலை எண்டு கத்தினன் ஐயா."

தரையில் எவ்வளவு சுகமாக வருகிறது அந்தச் சொல்! நாக்கு ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றார் என்றேன். அக்கரையில் நின்ற நானாவும் தான் கண்டதைச் சொன்னார். இவர் கத்தினது கேட்டது, ஆனால் என்ன சொல் என்று காற்றில் பிடிபடவில்லை. அந்த மனுசன் ஓடவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றார். அவர் சொன்னது உண்மை. என் பொய்யும் அவருடைய உண்மையும் அந்தத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஏறின.

அந்த இரண்டையும் சேர்த்து ஊர் ஒரு கதை செய்தது. முதலை என்று கத்தியும் ஓடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் யார்? சாக நினைத்தவன். வேலை இல்லை, கொஞ்ச நாளாக ஆள் ஒடுங்கிப் போயிருந்தது, வேணுமென்றே நின்றிருக்கிறான். சாவீட்டிலேயே இந்தப் பேச்சுத் தொடங்கிவிட்டது. எட்டாம் நாள் கிரியைக்குள் அது தங்கச்சியின் காதுக்குப் போனது. அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கத்தியது அவளுடைய சொந்த அண்ணன் அல்லவா.

அதன் பிறகு அவள் அழவில்லை. திட்டத் தொடங்கினாள். முற்றம் கூட்டும்போது திட்டுவாள், அடுப்பு ஊதும்போது திட்டுவாள். "சாகத்தான் போறதெண்டா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிற்றுப் போயிருக்கலாமே. நான் என்ன குறை வச்சன் உங்களுக்கு? சொல்லுங்க. வாய் இல்லையா உங்களுக்கு?" என்று வெறும் வாசலைப் பார்த்துக் கேட்பாள். அவருடைய படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் பூச்சுக்குப் பிடிக்கிற சாந்தகப்பையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தாள். அது மழையில் கிடந்து துருப்பிடித்தது. நான் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் அவளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சொல்லிவிடவேண்டும் என்று மூன்று தரம் போனேன். ஒருநாள் அவள் தலைவலியென்று படுத்திருந்தாள், வந்துவிட்டேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் இருந்தாள், வந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு சாட்டும் இல்லை. அவள் தனியாக இருந்தாள், "என்ன அண்ணன், ஏதும் சொல்ல வந்தீங்களா?" என்றுகூடக் கேட்டாள். "ஒண்டுமில்ல புள்ள, மீன் பழுதாப் போகுமுன்ன ஆக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன். மீன் ஏலத்தில் நாய் எழும்பி ஓடுகிற வாய்! தூ. எனக்கு என்னைக் கண்டால் அருவருப்பு வந்தது. சவரம் செய்யக் கண்ணாடி பார்ப்பதை விட்டு அன்றிலிருந்து தடவித் தடவித்தான் மழிக்கிறேன்.

அடுத்த கடல் பருவத்தில் தொழிலுக்குப் போனேன், வயிறு கேட்காதே. ஒருநாள் அதே சத்தம், அதே காற்று இறங்குகிற சத்தம், போட்டுக்குக் கிட்டவே கேட்டது. கூட்டாளி, "பெரியவர்!" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு போட்டின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழும்பிப் பார் என்று தோளில் தட்டினான். நான் எழும்பவில்லை.

மாரி திரும்பவும் வந்தது. அவருடைய வருசத் திதியான ஆட்டத்திவசம் முடிந்து மூன்றாம் நாள், காலையில் தங்கச்சி கரைக்கு வந்தாள். நான் தோணியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணன், தோணிய எடுங்க. அந்த இடத்துக்குப் போகவேணும்."

"விசரா புள்ள உனக்கு? அங்க என்ன கிடக்கு?"

"நீங்க நிண்ட இடத்தில நில்லுங்க. அவர் நிண்ட இடத்தில நான் நிக்கிறன். அண்டைக்குக் கத்தின மாதிரியே கத்துங்க. எனக்குக் கேக்குதா எண்டு பாக்கவேணும்." அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "கேக்கல்ல எண்டா, அவருக்கும் கேட்டிருக்காது. சாக நிக்கல்ல எண்டு நினைச்சிற்று நான் நிம்மதியாக் கிடப்பன். ஒரு வருசமா இத நினைச்சு நினைச்சு எனக்கு நெஞ்சு வெடிக்குது அண்ணன்."

நான் மறுத்தேன், கத்தினேன், துடுப்பை எறிந்தேன். அவள் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து தந்தாள். அவளும் என் அப்பாவின் பிள்ளைதானே, பிடித்த பிடி விடாது. கடைசியில் போனோம். போகும் வழியெல்லாம் நான் ஒரு கணக்குப் போட்டேன். இன்றைக்குக் காற்று முகத்துவாரப் பக்கமிருந்து அடிக்கிறது. மெல்லச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. 'முதலை' என்று வாயசைத்துச் சொல்லிவிடலாம். கேட்கவில்லை என்பாள். அவளுக்கு நிம்மதி, நானும் தப்பிவிடுவேன். இன்னொரு பொய்தான், ஆனால் இது அவளுக்கு நல்லது செய்யும் பொய். இப்படித்தான் என் புத்தி ஓடியது.

அவள் தோணியை விட்டுக் கரையேறி நடந்துபோய் அவர் நின்ற இடத்தில் தண்ணீரில் இறங்கினாள். சேலை நனைய இடுப்பளவில் நின்றாள். பின்னால் அதே கண்டல். நான் தோணியில் எழும்பி நின்றேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை. விசாரணையில் அவ்வளவு சுகமாக வந்த சொல், என் தங்கச்சி தண்ணீரில் நிற்கும்போது வரவில்லை. அவளுக்குப் பின்னால் கண்டல் நிழல் கறுப்பாகக் கிடந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அவளிடம் அதைக் கூப்பிட்டுவிட்டது போலாகும் என்று பயந்தேன். ஒரு ஆளைத் தின்ற பயம் என்று தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை. அவளை அந்த இடத்திலிருந்து எழுப்பினால் போதும் என்று மட்டும் இருந்தது. என் குரல் முழுக்க எடுத்துக் கத்தினேன்.

"பெரியவர்! புள்ள, பெரியவர் வாறார்!"

அவள் ஒரு கணமும் நிற்கவில்லை. யோசிக்கவும் இல்லை. சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு, விழுந்து எழும்பி, சேற்றில் கையூன்றிக் கரைக்குப் பாய்ந்து ஏறினாள். ஏறி, மூச்சு வாங்கத் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீரில் ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் ஒவ்வொன்றாகப் பொருந்துவது எனக்குத் தோணியிலிருந்தே தெரிந்தது.

நான் தோணியைக் கரைக்குக் கொண்டுவந்தேன். பிறந்ததிலிருந்து என்னை நீங்க என்று அழைத்தவள் கேட்டாள்.

"அவருக்கும் நீ இதத்தானா கத்தினாய்?"

"ஓம்."

"ஆத்தில அதுக்கு என்ன கருத்தெண்டு அவருக்குச் சொல்லியிருந்தாயா?"

"இல்ல."

"அவர் ஏதும் சொன்னவரா?"

"'எங்கங்க மச்சான்' எண்டு கேட்டவர். சிரிச்சுக்கொண்டு கேட்டவர்."

அவள் சேற்றில் இருந்துவிட்டாள். நெற்றியில் கையை வைத்தாள், அவர் வைப்பது மாதிரியே. முகத்துவாரப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அவர் பாக்கத்தான் நிண்டவர்," என்றாள். பிறகு ஒரு வருசமாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். நான் கிட்டப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

பின்னேரம் மீன் கொண்டு போனேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாந்தகப்பை இல்லை. உள்ளே அவருடைய படம் முன்பக்கம் திரும்பியிருந்தது. மீனை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவரைத் திட்டுவதை விட்டுவிட்டாள். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டாள்.